கரண்ட் போனால் நின்றுபோகும் சோலாருக்கு மானியம் எதற்கு? இது ஏமாற்று வேலை இல்லையா?

ஏமாற்று என்ற சொல்லைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு வயர்மேனின் மகள்.

1994, ஐப்பசி மழை. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்துவிட்டது. அப்பா முறைப்படி லைன் கிளியர், அதாவது கம்பியில் வேலை செய்ய அனுமதி வாங்கி, டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கம்பத்தில் ஏறினார். அதே லைனில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஓடும்போது தெரு லைனைப் பிரித்துவைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்காமல் நேராக இணைத்திருந்தார்கள். அந்த மின்சாரம் செத்த கம்பியில் பின்பக்கமாக ஏறி வந்தது. இடுப்புக் கயிறு இருந்ததால் அப்பா கீழே விழவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மூன்று விரல்களால்தான் இன்றும் சோறு பிசைகிறார்.

கம்பியில் தவறி வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் ராடு போட்டுவிட்டு ஏறியிருக்க வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். இருந்தது ஒரே ராடு, அன்று அது வேறு ஊர் வேலைக்குப் போயிருந்தது. கையுறையும் கிடையாது. மின்சாரம் வர ஐந்து நிமிடம் தாமதமானால் போனில் வாய்க்கு வந்தபடி ஏசுகிறவர்கள், மழையில் கம்பத்தில் நிற்கிற மனிதனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்ததுண்டா? கஜா புயலில் லட்சத்துக்கும் மேலான கம்பங்கள் சாய்ந்தபோதும் இதையேதான் பார்த்தேன். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மானியத்தில் வருவது பெரும்பாலும் ஆன்கிரிட் சோலார், அதாவது தெரு லைனோடு இணைந்தே ஓடுவது. வெளியே லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் இரண்டு நொடிக்குள் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அப்படிச் செய்யாவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். அந்த மண்டபத்து ஜெனரேட்டர் செய்ததை ஊரில் உள்ள ஒவ்வொரு மாடியும் செய்யும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியுடன் ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள். அது தெரு லைனை விட்டுப் பிரிந்து வீட்டுக்குள் மட்டும் ஓட்டும். ஆனால் 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் பேனலின் கிலோவாட் கணக்கில்தான். முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000. பேட்டரிக்கென்று தனியாக எதுவும் இல்லை.

நான் போட்டது பேட்டரி இல்லாத 3 கிலோவாட். நல்ல வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வரும். உங்கள் வீட்டிலும் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிறது என்றே நினைக்கிறேன், இல்லாவிட்டால் இந்த யோசனையே வந்திருக்காது. 500ஐத் தாண்டினால் கட்டணம் எப்படித் தாவும் என்று உங்களுக்கே தெரியும். எங்களுக்கு இப்போது அந்தக் கவலை இல்லை. லைனிலிருந்து நாம் எடுப்பதையும் லைனுக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் நெட் மீட்டர் மாட்ட இரண்டரை மாதம் அலையவிட்டார்கள், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. திட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்தக் கம்பெனிக்கும் நான் முகவர் இல்லை, எந்தக் கட்சிக்காரியும் இல்லை.

சோலார் போட்ட முதல் வாரம், நல்ல மத்தியானத்தில் கரண்ட் போனது. அப்பா சாப்பிடப் போனவர் திரும்பி, மாடிப்படிக்குக் கீழே மாட்டியிருந்த இன்வெர்ட்டர் முன்னால் போய் நின்றார். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. "நின்றுவிட்டதாம்மா? நிச்சயமாக?" என்று கேட்டார். "நின்றுவிட்டதப்பா" என்றேன். அதன் பிறகுதான் இலை முன் உட்கார்ந்தார்.