கடன் வாங்கி அனிமேஷன் படிக்க வைக்க வேண்டாம்

பள்ளிப்படிப்பை முடித்த மகள், யார் யாரோ செய்துவைத்த முப்பரிமாண உருவங்களைத் தரவிறக்கிப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், சொந்தமாக ஒரு படம்கூட வரைவதில்லை என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள், அம்மா. பெரியப்பா பொறியியல் என்கிறாராம். அத்தை, பெயர்பெற்ற அனிமேஷன் கல்லூரி என்கிறாராம். கடன் வாங்கியாவது அங்கே சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் சேர்க்காதீர்கள்.

அவள் பயன்படுத்தும் பிளெண்டர், முப்பரிமாண உருவங்களையும் அனிமேஷனையும் செய்வதற்கான இலவச மென்பொருள். அதை உருவாக்கிய நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி மென்பொருளின் மூலநிரலை யாரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார்கள். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்ற லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ அதில் உருவானதுதான். அந்தக் கருவியையும் அதைச் சுற்றிக் கொட்டிக்கிடக்கும் பாடங்களையும் எதற்காகக் கடன் வாங்கிக் கற்க வேண்டும்?

மகள் அனுப்பியிருந்த கோப்பைத் திறந்து பார்த்தேன். யாரோ பகிர்ந்த மனித உருவம். கையை மடக்கினால் முழங்கை, மடித்த ரப்பர் குழாய் போல நசுங்குகிறது. இவள் மூட்டைச் சுற்றி இரண்டு வளையக் கோடுகளைக் கூடுதலாக ஓடவிட்டு, எந்த எலும்பு எந்தப் புள்ளியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைத் திருத்திப் பங்கிட்டிருக்கிறாள். இப்போது கை ஒழுங்காக மடிகிறது. இதைச் சோம்பல் என்று நினைக்கிறீர்களே!

இந்தக் குணத்துக்கென்றே ஒரு வேலை இருக்கிறது: டெக்னிக்கல் ஆர்டிஸ்ட். விளையாட்டு, அனிமேஷன் நிறுவனங்களில் ஓவியருக்கும் நிரலருக்கும் நடுவே நிற்பவர். உருவத்துக்குள் எலும்புக்கூடு பொருத்துவது, ஈரத்தோலும் துருப்பிடித்த இரும்பும் ஒளியில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஷேடர் என்ற நிரலை அமைப்பது, காட்சி திணறாமல் ஓடும்படி அதன் கனத்தைக் குறைப்பது, ஓவியர் ஐம்பது முறை செய்யும் சலிப்பான வேலையை ஒரே சொடுக்கில் முடிக்கும் சிறு கருவிகளை எழுதுவது எல்லாம் இவர் பொறுப்பு. பைத்தான் என்ற நிரல்மொழி கட்டாயம் தெரிய வேண்டும். பிளெண்டர், மாயா, ஹூடினி ஆகிய மூன்று முப்பரிமாண மென்பொருள்களிலும் அது செல்லும். பிறர் கோப்பைப் பிரித்து மேய்கிற பழக்கம் இல்லாதவருக்கு இந்த வேலை ஒரு வாரத்தில் கசந்துவிடும். உங்கள் மகளுக்கு அந்தப் பழக்கம் தானாகவே வந்திருக்கிறது. பெரியப்பாவின் பொறியியலை அவள் விரும்பினால் படிக்கட்டும். அவர் விரும்புவதற்காக வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் கண்டிப்பாக இருங்கள். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் எடுத்தாளத் தக்கதல்ல. முப்பரிமாண உருவங்களைப் பகிரும் பாலி ஹேவன் தளத்தில் உள்ளவை சிசி0 உரிமத்தில் வருபவை. சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ், படைப்பாளிகள் தங்கள் படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பொது உரிமங்கள். சிசி0 என்றால், பெயர்கூடச் சொல்லாமல் எதற்கும் பயன்படுத்தலாம். சிசி-பை என்றால் படைத்தவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். அதோடு என்சி சேர்ந்திருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. என்டி இருந்தால் மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது. எதை, யாரிடமிருந்து, எந்த உரிமத்தில், எந்த நாளில் எடுத்தாள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். வேலைக்கு அனுப்பும் மாதிரிக் காணொளியில் ‘உருவம் இன்னாருடையது, எலும்பமைப்பு என்னுடையது’ என்று வெளிப்படையாகப் போட வேண்டும். இதை மறைத்துப் பிடிபட்டவரை எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளாது.

எடுப்பதோடு நில்லாமல் கொடுக்கவும் வேண்டும். திருத்திய முழங்கையை, உரிமம் அனுமதித்தால், விளக்கக் குறிப்போடு அவள் பகிரட்டும். புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும். பிழை கண்டால், அது எப்படி நேர்ந்தது என்பதைப் படிப்படியாக எழுதி மென்பொருள் குழுவுக்கு அனுப்பட்டும். நேர்முகத் தேர்வில் தேடிப் பார்க்கப்படும் தடயங்கள் இவை.

பட்டம் வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்தினால், கட்டணம் குறைந்த ஏதாவதொரு பட்டப்படிப்பு போதும். பணத்தை நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்குச் செலவிடுங்கள். ஓர் ஆண்டு பொறுங்கள். அதற்குள் அவள் பகிர்ந்ததைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தி, சந்தேகமும் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்காவிட்டால் கல்லூரியைப் பற்றி மறுபடி பேசலாம். கடன் பத்திரத்தில் மட்டும் அப்போதும் கையெழுத்துப் போடாதீர்கள்.