சோயாச் சக்கை சரி, தேங்காய்ச் சக்கை?

கேள்வி: வாரம் ஒருமுறை வீட்டிலேயே சோயா பால் ஆட்டுகிறேன். பிழிந்த சக்கை ஒரு சட்டி மிஞ்சுகிறது. தேங்காய்ப் பால் எடுத்த சக்கையும் அப்படித்தான். இரண்டையும் தெம்பே (பூஞ்சை வளர்த்துக் கட்டியாக்கிய சோயா) போலப் புளிக்கவைக்கலாம் என்கிறார் தோழி. செய்யலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: தோழி சொன்னதில் பாதி சரி. சோயாச் சக்கையில் தாராளமாகச் செய்யலாம், ஜாவாவில் தெம்பே கெம்புஸ் என்று விற்பது அதுதான். தேங்காய்ச் சக்கையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

உலர்ந்த சோயாச் சக்கையில் ஏறக்குறைய பாதி நார், கால்வாசி புரதம். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் சேர்கிறது, பெரும்பாலும் குப்பைக்குத்தான். ஈரம் அதிகம், நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு நாள்கூடத் தாங்காது. 2018-ல் இங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் இதே சக்கையில் நொதியும் ஈஸ்ட்டும் நல்ல பாக்டீரியாவும் சேர்த்து ஒரு பானமே செய்து காட்டினார்கள்.

உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். இட்லி மாவு தானாகப் புளிக்கும், இதற்கு விதை, அதாவது பூஞ்சைத் தூள், போடவேண்டும். மலாயில் அதற்கு ராகி என்று பெயர் (கேழ்வரகை வாங்கி வந்துவிடாதீர்கள்). சக்கையை ஒட்டப் பிழிந்து, ஆவியில் வேகவைத்து, கைச்சூட்டுக்கு ஆறியதும் ஒரு கரண்டி வினிகரும் விதையும் கலந்து, ஊசியால் துளையிட்ட பிளாஸ்டிக் பையில் விரல் தடிமனுக்குப் பரப்பி வையுங்கள். ஒன்றரை நாளில் ரைசோபஸ் பூஞ்சை வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்து சக்கையைக் கட்டியாக இறுக்கிவிடும், பையைத் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும். துளை ஓரத்தில் கருப்பாகத் தெரிந்தால் பயமில்லை. இளஞ்சிவப்பாகவோ வழவழப்பாகவோ இருந்தாலோ, அமோனியா நெடி மூக்கைக் குத்தினாலோ கொட்டிவிடுங்கள். நன்றாக வந்ததையும் பச்சையாகத் தின்ன வேண்டாம், சம்பலில் (மிளகாய் விழுது) பிரட்டிப் பொரித்தால் அருமை.

சரி, தேங்காய்ச் சக்கைக்கு வருவோம். அதிலும் ஜாவாவில் தெம்பே போட்டார்கள், பொங்க்ரெக் என்று பெயர். பூஞ்சையை முந்திக்கொண்டு ஒருவகை பர்கோல்டேரியா பாக்டீரியா வளர்ந்துவிட்டால் அது பொங்க்ரெக் அமிலம் என்ற விஷத்தை உண்டாக்கும். வாடை வராது, ருசி மாறாது, சமைத்தாலும் போகாது. பல நூறு பேர் இறந்தார்கள், 1988-ல் இந்தோனேசியா அதைத் தடையே செய்துவிட்டது. ஆகவே அந்தச் சக்கையை அன்றைக்கே வறுத்து இட்லிப் பொடியில் சேருங்கள், இல்லையென்றால் பூந்தொட்டியில் போடுங்கள். தோழியிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், அவர் ஏற்கெனவே பை கட்டி வைத்திருக்கப் போகிறார்.