தட்டான் குஞ்சும் அது ஒளிந்துகொள்ளும் இடமும்

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்துப் பாசியில் கிடைத்த தட்டான் குஞ்சு நீளமாக, வழுவழுவென்று இருந்தது. காவிரி மணலை அலசியபோது கிடைத்ததோ சற்றுத் தட்டையாக, குட்டைக் கால்களோடு இருந்தது. குளமும் ஆறும் வேறு என்பதால்தான் இந்த வித்தியாசமா?
– வாசகி, குளித்தலை

பதில்: சல்லடையோடு ஆற்றில் இறங்கினீர்களே, முதலில் அதற்கு ஒரு சபாஷ்!

இரண்டும் தண்ணீரில் வளரும் தட்டான்பூச்சியின் இளம்பருவம்தான், குடும்பம்தான் வேறு. மணலில் கிடைத்ததை உருப்பெருக்கியில் பாருங்கள். தலை முன்பக்கம் ஒடுங்கியிருக்கும். உணர்கொம்பில் நான்கே கணுக்கள், அதில் மூன்றாவது மட்டும் பருத்திருக்கும். அப்படியென்றால் அது கோம்பிடே குடும்பம். மணலுக்குள் புதைந்து வாழ்வது. மெல்லிய நீண்ட கொம்பை வைத்துக்கொண்டு மணலைத் தோண்ட முடியுமா? பாசியில் இருந்தது அநேகமாக ஈஷ்னிடே குடும்பம். பெரிய கண்களால் இரையைத் தேடும். பயந்தால் ஆசனவாய் வழியே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு முன்னால் பாயும். அதற்கு நீண்ட உடல்தான் வசதி.

ஆனால் ‘குளத்துக்கு ஒரு வடிவம், ஆற்றுக்கு ஒரு வடிவம்’ என்று பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரே ஆற்றில் மணலுக்குள் ஒன்று, ஓரத்துச் செடியில் இன்னொன்று, சருகின்மேல் நீண்ட கால்களைப் பரப்பிக்கொண்டு வேறொன்று இருக்கும். எந்த மூலையில் ஒளிகிறது என்று கேளுங்கள்.

அதோடு, யாருக்குப் பயந்து ஒளிகிறது என்றும் கேட்க வேண்டும். சுவீடனில் லூக்கோரைனியா டூபியா என்றொரு தட்டான் உண்டு. அதன் குஞ்சுக்கு வயிற்றுப் பகுதியில் வெளியே நீட்டிய முட்கள். மீனுள்ள ஏரிகளில் அந்த முட்கள் நீளம். மீனில்லாத நீர்நிலைகளில் குட்டை. இத்தனைக்கும் ஒரே இனம்! ஆய்வகத்தில் மீன் வாடை கலந்த தண்ணீரில் வளர்த்தாலே முட்கள் நீள்கின்றன. அப்படியானால் எல்லா இடத்திலும் நீள முள்ளோடே இருந்துவிடலாமே? முடியாது. மீன் இல்லாத இடத்தில் பெரிய தட்டான் குஞ்சுகள்தான் ராஜா. அவை கீழுதட்டைச் சட்டென்று நீட்டி இரையைக் கவ்வும். மீனின் தொண்டையில் உறுத்தும் முள், இவற்றுக்கு நல்ல கைப்பிடியாகிவிடுகிறது.

சோதித்துப் பார்க்க ஆசையிருந்தால், ஒரு தட்டில் மணலும் தண்ணீரும் விட்டு மணல்குஞ்சை விடுங்கள், புதைவதைப் பார்க்கலாம். பாசிக்குஞ்சை மட்டும் அதே தட்டில் விடாதீர்கள். பெரியது சின்னதைத் தின்றுவிடும்; தட்டான் கூட்டத்தில் சொந்தபந்தம் பார்க்கிற வழக்கம் கிடையாது.