இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள செயிண்ட் ஜேம்ஸ் மருத்துவமனை முதலில் ஏழைகள் விடுதியாக இருந்ததா? எப்படி மாறியது?

ஆம், அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், உதவி கேட்பவர்கள் 'ஒர்க்ஹவுஸ்' என்ற விடுதிக்குள் வரவேண்டும் என்பதைக் கொள்கையாக்கியது. வெளியில் கூலிக்குப் போகும் பரம ஏழையின் நிலையைவிட உள்ளே நிலை மோசமாக இருக்கவேண்டும் என்பதே திட்டம். கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டார்கள். கொடுமையான ஏற்பாடு.

லீட்ஸின் பெக்கெட் தெருவில் 1861இல் புது விடுதி திறக்கப்பட்டது. உடம்பில் தெம்புள்ளவர்கள் இந்த இடங்களுக்கு அஞ்சி விலகியதால், முதியோரும் நோயாளிகளுமே உள்ளே நிறைந்தார்கள். நன்கொடையில் நடந்த மருத்துவமனைகளோ தொற்றுநோய்க்காரர்களையும் நாள்பட்ட நோயாளிகளையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அவர்களுக்கும் இந்த விடுதியே கதி. மருத்துவமனையாக மாறியதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. 1870களில் தனி நோயாளர் கட்டடம் எழுந்தது. முதல் உலகப்போரில் காயமடைந்த படைவீரர்களுக்கு இங்கே சிகிச்சை நடந்தது. 1925இல் செயிண்ட் ஜேம்ஸ் என்ற பெயர் வந்தது. 1948இல் பிரிட்டன் அரசின் தேசிய சுகாதார சேவையில் சேர்ந்தது. பழைய விடுதிக் கட்டடத்தில் இப்போது தாக்ரே மருத்துவ அருங்காட்சியகம் இருக்கிறது.

குடும்ப வரலாறு தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 1904க்குப் பிறகு, இத்தகைய விடுதிகளில் பிறந்த குழந்தைகளின் சான்றிதழில் விடுதிப் பெயரை விட்டுவிட்டுத் தெரு முகவரியை மட்டும் எழுதும் வழக்கம் வந்தது. அவப்பெயர் குழந்தையைத் தொடரக்கூடாது என்பதற்காக. ஆகவே விடுதிப் பெயரை வைத்துத் தேடினால் அகப்படாது. முகவரியை வைத்துத் தேடுங்கள்.