மறு: 4 மெஷினில் ஓட்டினால் ஏன் இன்னும் மெதுவாகிறது?

வணக்கம். ஓப்பன்ஃபோமில் (திரவம், வாயு ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) 8 லட்சம் செல், அதாவது குட்டிக் கட்டம், கொண்ட மெஷ், கிளவுடில் 64 விசிபியு (மெய்நிகர் ப்ராசஸர்) உள்ள ஒரு மெஷினில் 3 மணி நேரத்தில் முடிகிறது, நான்கு மெஷின் போட்டால் 5 மணி நேரம் இழுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மெஷினில் கோளாறு இருக்காது, மெஷைத் துண்டுகளாக வெட்டியதில்தான் சிக்கல்.

விசிபியுவுக்கு ஒன்றாக நான்கு மெஷினிலும் சேர்த்து 256 துண்டு என்றால் துண்டுக்கு 3,125 செல்தான். ஒரு கோர் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் அலகு) அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிட்டு, பக்கத்துத் துண்டின் எண்களுக்காகக் காத்துக் கிடக்கும். அழுத்தச் சமன்பாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் 256 துண்டுகளின் கூட்டுத்தொகையும் சேர்ந்தால்தான் அடுத்த அடி. இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக நெட்வொர்க்கில் ஒரு செய்தி போய்ச்சேர 1, 2 மைக்ரோ செகண்ட். சாதாரண கிளவுட் நெட்வொர்க்கில் பல பத்து.

பெரிய இடத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஃபிரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டர் 2022இல் லின்பேக் என்ற வேகச் சோதனையில் 1.1 எக்ஸாஃப்ளாப் (நொடிக்குச் சுமார் 1,100 பெட்டாஃப்ளாப் கணக்கு வேகம்) தொட்டது. நம் கணக்கை ஒத்த எச்பிசிஜி என்ற இன்னொரு சோதனையில் சுமார் 14 பெட்டாஃப்ளாப்தான், நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை!

சரி, செய்ய வேண்டியது: இன்டெல் மெஷின் என்றால் 64 விசிபியு என்பது பெரும்பாலும் 32 நிஜக் கோர்தான். ஒரே மெஷினில் 32 துண்டாக ஓட்டுங்கள், கோருக்கு 25,000 செல் வரும். அப்புறம் மெஷ் பல மடங்கு பெருத்தால் மட்டும் அமேசான் கிளவுடில் இஎஃப்ஏ (அவர்களின் வேக நெட்வொர்க்) உள்ள இன்ஸ்டன்ஸை, அதாவது வாடகை மெஷினை, கிளஸ்டர் பிளேஸ்மென்ட் குரூப்பில் (மெஷின்களை அருகருகே வைக்கும் ஏற்பாடு) எடுங்கள். மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுட் என்றால் எச்பி வரிசையில் இன்ஃபினிபேண்டே உண்டு.

32இல் ஓட்டிய நேரத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.