செம்புச் சுருளின் குணகம் பாதியாக வருவது ஏன்?

கேள்வி: செம்புக் கம்பிச் சுருளை எண்ணெயில் வைத்து 30 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரை சூடாக்கினேன். மல்டிமீட்டரில் 0.90 ஓம், 1.01 ஓம் ஆனது. வெப்பநிலைக் குணகம், அதாவது ஒரு டிகிரி சூடேறினால் தடை எந்த விகிதத்தில் கூடுகிறது என்ற எண், 0.002தான் வருகிறது, புத்தகத்தில் 0.0039. கம்பி போலியா?

பதில்: கம்பியைச் சந்தேகிக்கும் முன் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.4 ஓம் காட்டினால் அது உங்கள் ஒயரின் தடை. சுருள் சூடானாலும் வெளியே கிடக்கும் ஒயர் சூடாவதில்லை; அதனால் ஏற்றம் நீர்த்துப்போகிறது. கழித்துவிட்டால் 0.50, 0.61. குணகம் 0.0037 ஆகிவிடும். புத்தக எண் 20 டிகிரிக்கானது. 30-ஐ அடிப்படையாக வைத்தால் 0.0038தான் சரி. இதற்கும் மதிப்பெண் வெட்டும் ஆசிரியர்கள் உண்டு. அதனால்தான் பிள்ளைகள் விடையிலிருந்து அளவீட்டை எழுதப் பழகுகிறார்கள்.

ஆனால் மீட்டரின் கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்தாலே விடை பத்தில் ஒரு பங்கு மாறும். ஆகவே நான்கு ஒயர் முறைக்கு வாருங்கள். இரண்டு ஒயர்களில் 100 மில்லியாம்பியர் அனுப்புங்கள். தனியாக இன்னும் இரண்டைச் சுருளின் முனைகளிலேயே சால்டர் செய்து மின்னழுத்தம் பாருங்கள். 50 மில்லிவோல்ட் சுமார் வரும். மின்னோட்டத்தைத் திருப்பிப்போட்டு இன்னொரு முறை அளந்து, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள்.

நான்கு ஒயர் கிளிப் வாங்கினால் ஏமாறாதீர்கள். நான்கு ஒயர் தொங்கும், உள்ளே இரண்டிரண்டாக இணைத்திருப்பார்கள். கிளிப்பைத் திறந்துபிடித்து, அதன் இரு தாடைகளுக்கும் இடையே மின்தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரின் பீப் சோதனையில் பாருங்கள். பீப் ஒலித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புராஜெக்டை முடித்துத் தருகிறோம் என்று அளவீட்டு அட்டவணையோடு வரும் தரகர்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். அவர்களிடம் சூடாக்கும்போதும் ஆறும்போதும் ஒரே எண் இருக்கும்! நிஜத்தில் தெர்மாமீட்டர் சற்றுப் பின்தங்கும். மெதுவாகச் சூடாக்கி, எண்ணெயைக் கலக்கி, இரு வழியிலும் எடுங்கள்.

போலிக் கம்பி சாத்தியமே இல்லையா? உண்டு. பித்தளையின் குணகம் செம்பில் பாதிதான் இருக்கும். எனவே ஒயரின் தடையை நீக்கிய பிறகும் 0.002 வந்தால் கம்பியின் நீளமும் தடிமனும் அளந்து பாருங்கள். அதே அளவு செம்பைவிடப் பித்தளைக்குத் தடை ஏறக்குறைய நான்கு மடங்கு. மேலே செம்பு பூசிய அலுமினியம் என்றால் குணகம் காட்டிக்கொடுக்காது, இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். அதைத் தராசில் போடுங்கள். எடை மிகக் குறைவாக இருக்கும்.