பகடையும் பாறும்: வாசகர் கேள்வி பதில்

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை 2014 விதிகளின்படி நடத்துகிறேன். நான்கு ஆட்டக்காரர்கள், எல்லாரும் லெவல் 3. பாலைவனத்தில் ஆறு ராட்சதப் பிணந்தின்னிக் கழுகுகளை இறக்கினேன். இரண்டே சுற்றில் மந்திரவாதி செத்துப்போனார். சவால் எண் (எதிரியின் கடுமையைக் காட்டும் அளவு) 1 உள்ள பறவைதானே, எங்கே தவறு?
*ஈசூன் வாசகர்*

எண்ணிக்கையிலும் தவறு, பறவையை ஆட்டிய விதத்திலும் தவறு. முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கழுகுக்கு 200 அனுபவப் புள்ளி. ஆறுக்கு 1,200. மூன்று முதல் ஆறு எதிரிகள் சேர்ந்து வந்தால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 2,400. உங்கள் நால்வருக்கு உயிராபத்து எல்லையே 1,600தான். இரண்டு கழுகு நடுத்தரம், மூன்று கடினம், நான்கிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறீர்கள்.

சவால் எண்ணில் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு: கூட்டுத் தாக்குதல். இலக்குக்கு 5 அடிக்குள் இன்னொரு கழுகு நின்றால் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஏசி (தற்காப்பு எண்) 15 உள்ளவரை, பகடையோடு +4 கூட்டி அடிக்க, தனிக் கழுகுக்குப் பாதி வாய்ப்பு. துணை இருந்தால் அது 75 விழுக்காடு. அலகுக்குச் சராசரி 7, நகத்துக்கு 9 சேதம். மூன்று கழுகுகள் ஒருவரையே சூழ்ந்தால் ஒரு சுற்றுக்குச் சராசரி 36. லெவல் 3 மந்திரவாதியின் ஹெச்பி (உயிர்ப்புள்ளி) பெரும்பாலும் 20ஐ ஒட்டித்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹெச்பி பூஜ்ஜியமாகி மயங்கிக் கிடப்பவரை 5 அடிக்குள் நின்று அடித்தால், பட்ட ஒவ்வோர் அடியும் கிரிட்டிகல் (மிகக் கடுமையான அடி). ஒன்றுக்கு இரண்டு மரணத் தோல்வி. அலகும் நகமும் பட்டால் நான்கு. மூன்றே போதும் ஆள் சாக. ஒரே கழுகு, ஒரே முறையில் முடித்துவிடும்.

பறவையின் குணத்துக்கு வருவோம். பிணந்தின்னிக் கழுகைப் பாறு என்பார்கள். பருந்துபோல் பாய்ந்து தூக்குவது அதன் வேலை இல்லை. அதன் கால் தட்டை, நகம் மழுங்கல். இரையைப் பற்றிக்கொண்டு பறக்க முடியாது. தடித்த தோலைக் கிழிக்கவும் பல இனங்களால் ஆகாது. கண், வாய், ஏற்கெனவே உள்ள காயம் வழியாகத்தான் தொடங்கும். ஆகவே உங்கள் பாறு காத்திருக்கட்டும். முதலில் ஒன்று மட்டும் வட்டமிடட்டும். அது தாழ இறங்குவதைத் தொலைவில் பறக்கும் அடுத்தது பார்க்கும். அடுத்ததைப் பார்த்து மூன்றாவது வரும். உண்மையான பாறுகள் கூடுவதும் இப்படித்தான். ஆட்டத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு பக்கப் பகடையை உருட்டுங்கள்; 5, 6 விழுந்தால் ஒன்று கூடட்டும். அவற்றின் முதல் இலக்கு செத்துக் கிடக்கும் கோவேறு கழுதை, பிறகு காயம்பட்டுத் தனியே பின்தங்கியவர். 22 ஹெச்பியில் 11 போனதும் அந்தக் கழுகு விலகிப் பறக்கட்டும். கொன்று தின்பதைவிடக் காத்திருந்து தின்பது அதற்கு லாபம்.

சிறகை விரித்தால் 9 மீட்டர் உள்ள பாறின்மேல் ஆள் ஏறிப் பறக்கலாமா? மாயத்தைக் கொஞ்சமாகவே பயன்படுத்த விரும்புகிறேன்.
*செங்காங் வாசகி*

பறக்கலாம். கிளம்புவதுதான் பாடு. 3 மீட்டர் சிறகும் 10 கிலோ எடையும் உள்ள சினேரியஸ் பாறை எடுத்துக்கொள்வோம். எல்லா அளவையும் மூன்று மடங்காக்கினால் எடை 27 மடங்காகி 270 கிலோ ஆகும். சிறகின் பரப்போ 9 மடங்குதான். சிறகின் ஒவ்வொரு சதுர மீட்டரும் மூன்று மடங்கு பாரம் தாங்க வேண்டும், காற்றில் எழும்ப ஏறக்குறைய 1.7 மடங்கு வேகம் வேண்டும். சவாரி செய்பவரின் எடை தனி. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அர்ஜென்டினாவில் வாழ்ந்த அர்ஜென்டாவிஸ் என்ற ராட்சதப் பறவை ஏறத்தாழ 70 கிலோதான். அதுவே சமதரையிலிருந்து சிறகடித்து எழும்பியிருக்காது, சரிவில் ஓடியோ எதிர்காற்றைப் பிடித்தோ கிளம்பியிருக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு.

எனவே மாயத்தை எடையைத் தாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கிளம்புவதற்கு நிபந்தனை போடுங்கள். குன்றோ மதிலோ வேண்டும். வெயில் ஏறி நிலம் சூடாகி, வெப்பக்காற்று மேலெழ வேண்டும். விடிந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகட்டும். இரவிலும் மழையிலும் சவாரி இல்லை. மேலே போய்விட்டால் தாராளமாகக் கொடுங்கள்: ஓர் ஆண்டிஸ் காண்டோர் (தென் அமெரிக்கப் பாறு) சிறகே அடிக்காமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல், சுமார் 172 கிலோமீட்டர் பறந்ததை 2020இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. வயிறு முட்டத் தின்ற பாறுக்கு மட்டும் 60 அடிப் பறக்கும் வேகத்தைப் பாதியாக்குங்கள். தரையில் அதன் வேகம் 10 அடிதான், பிடித்துவிடலாம்.

உங்கள் உலகம் நம் ஊரைப்போல் பிற்பகலில் இடிமழை கொட்டும் தீவு என்றால், பாறு அங்கே வழிதவறி வந்த விருந்தாளியாகத்தான் இருக்கும். 2021 டிசம்பர் கடைசியில் பூமலை (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) பக்கம் இமாலயப் பாறுகளோடு வந்த சினேரியஸ் பாறு சோர்ந்துபோய் மீட்கப்பட்டதே, அந்த மாதிரி.

அடர்ந்த காட்டில் பிணத்தை மறைத்தால் கண்டுபிடிக்குமா?
*புக்கிட் பாஞ்சாங் வாசகர்*

விதிப்படி ராட்சதப் பாறுக்குக் கண்ணும் மூக்கும் இரண்டும் கூர்மை. இயற்கையில் ஆசிய, ஆப்பிரிக்கப் பாறுகள் கண்ணை நம்புபவை. இலைக்கூரைக்குக் கீழே இருப்பது அவற்றுக்குத் தெரியாது. அமெரிக்காவின் வான்கோழிப் பாறு மோப்பம் பிடிக்கும். அதற்கும் அப்போதே செத்ததைவிட ஒரு நாள் ஆன பிணம் எளிதில் அகப்படும். காட்டில் முதல் நாள் தப்பலாம், மறுநாள் தப்ப முடியாது என்று வையுங்கள்.

ஆட்டின் உடலில் நஞ்சு தடவிப் பாறுகளைக் கொல்லப் பார்த்தார்கள் என் ஆட்டக்காரர்கள். எதையும் செரிக்கும் பறவை என்று மறுத்தேன். சண்டையாகிவிட்டது. யார் சொன்னது சரி?
*ஜூரோங் வெஸ்ட் வாசகர்*

ஆட்டக்காரர்கள் சொன்னது சரி. பாறின் வயிற்று அமிலம் கிருமிகளைக் கொல்லும், ஆந்த்ராக்ஸில் செத்த மாட்டையும் தின்று தாங்கும். ரசாயன நஞ்சு வேறு. 2014 விதிகளிலும் இந்தப் பறவைக்கு நஞ்சு எதிர்ப்பு தரப்படவில்லை.

இதற்கு நெஞ்சை உலுக்கும் சான்று இந்தியாவில் இருக்கிறது. மாட்டு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. வெண்முதுகுப் பாறுகள் 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுக்குள் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. 2006இல்தான் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு பிணத்தில் எத்தனையோ பாறுகள் உட்காரும் அல்லவா? தமிழ்நாட்டில் மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டி எஞ்சியவற்றைக் காப்பாற்ற இன்றும் பாடுபடுகிறார்கள்.

ஆட்டத்தில் இப்படிச் செய்யுங்கள். தின்ற ஒவ்வொரு பாறுக்கும் கான்ஸ்டிடியூஷன் (உடல்வலு) சோதனை. தோற்றது உடனே விழ வேண்டாம். ஒன்றிரண்டு நாள் தலை தொங்கி மரத்தில் உட்கார்ந்திருந்து சாகட்டும். அதற்குள் ஆட்டக்காரர்கள் ஊரைக் கடந்திருப்பார்கள். ஒரு மாதம் கழித்து அதே வழியாகத் திரும்பும்போது ஊரெல்லையில் அழுகும் மாடுகள், அவற்றைத் தின்று பெருகிய நாய்க்கூட்டம், வெறிநாய்க்கடி, கெட்டுப்போன கிணறு. இந்தியாவிலும் பாறு போன இடத்தை நாய்கள் பிடித்தன. அவர்கள் செய்ததை நீங்கள் வாயால் கண்டிக்கத் தேவையே இருக்காது.

ராட்சதப் பாறுக்கு நல்ல தமிழ்ப் பெயர்? அதைப் பேச வைக்கலாமா?
*தெம்பனிஸ் வாசகி*

எருவை. சங்கப் பாடல்களில் உள்ள பெயர், மேசையில் உரக்கச் சொல்லவும் கம்பீரமாக இருக்கும். பேச்சைப் பொறுத்தவரை, விதிப்படி இந்தப் பறவைக்குப் பொதுமொழி புரியும், ஆனால் பேச வராது. அறிவு 6. பேச வைப்பதைவிட இதைப் பயன்படுத்துங்கள்: பாறுகள் மேலே வட்டமிடும்போது ஆட்டக்காரர்கள் சத்தமாகப் போடும் திட்டம் எல்லாம் அவற்றின் காதில் விழுகிறது.